வகாரம் மீண்ட வரலாறு

என் பெரியப்பா கும்பகோணத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய பற்களில் ஒன்றேனும் சொத்தையானதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஐம்பது வயதிலும் கரும்பைக் கடித்துத் தோலுரிக்கும் வல்லமை அவருக்கு இருந்தது. ஆயினும், புகையிலையோடு கூடிய தாம்பூலம் பல காலம் செய்த வேலையோ, தேக சுபாவமோ, ஈறுகள் வீங்கி இரத்தம் கசியத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், ஊனம் சிறிதும் இல்லாத அப்பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தலைப்பட்டன. அந்நாளில் எல்லோரும் பயோரியா என்று வழங்கிய அந்நோய் பல்லை அரிப்பதில்லை. பல்லைக் கவ்வி நிற்கும் எலும்பைக் கரைப்பது. 1957-ஆம் ஆண்டு சித்திரையில், எஞ்சியிருந்தவற்றையும் எடுத்துவிடுவதே நலம் என்று ஆயிற்று.

பல் போனவருக்கு உணவுதான் பெரிய துயரம் என்று நினைப்பது உலக இயல்பு. பெரியம்மா குழையக் குழைய வடித்த சோற்றையும், மசித்த கீரையையும், பாலில் ஊறிய இட்லியையும் அவர் முகம் சுளிக்காமல் உண்டார். அவரை வாட்டியது வேறொன்று. ஓய்வு பெற்ற பிறகும் மாலைதோறும் திண்ணையில் நாலைந்து மாணவர்களுக்கு அவர் இலக்கணம் சொல்லிக்கொடுத்து வந்தார். தொல்காப்பியத்தில் பிறப்பியலை அவர் நடத்துவதைக் கேட்க ஊர்ப் பெரியவர்களும் வந்து அமர்வதுண்டு. தகர நகரங்கள் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன என்பதையும், வகாரம் பல்லும் உதடும் இயையப் பிறப்பது என்பதையும், ஒவ்வோர் எழுத்தையும் தம் வாயாலேயே ஒலித்துக் காட்டி விளக்குவது அவர் வழக்கம். நாநுனி சென்று பொருந்துவதற்குப் பல் இல்லாமற் போயிற்று. உதட்டைத் தொடுவதற்கும் பல் இல்லை. வகாரம் வெறும் காற்றாயிற்று. பாடம் கேட்க வந்த பிள்ளைகளை ஏதேதோ காரணம் சொல்லி அவர் திருப்பி அனுப்பத் தொடங்கிய நாட்களில், அவருடைய மௌனம் அந்த வீட்டையே அழுத்தியது.

முதற் செட்டு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைத்தெருவில் பல் கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், பல் எடுத்த புண் ஆறியும் ஆறாத பருவத்திலேயே அளவெடுத்து, ஒரே வாரத்தில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பார்வைக்கு முத்துக் கோத்தாற்போல் இருந்தன. ஆவணி பிறப்பதற்குள் மேற்செட்டு பேச்சின் நடுவே நழுவி விழலாயிற்று. கீழ்ச்செட்டோ, நா அசையும்போதெல்லாம் தானும் எழுந்து அசைந்தது. பெரியப்பா அதன் அடியில் பஞ்சை மடித்து வைத்துப் பார்த்தார். பிறகு அதுவும் வேண்டாமென்று செட்டைக் கைக்குட்டையில் முடிந்து, விருந்தினர் வரும்போது மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலானார். செய்தவரிடம் சென்று குறை சொல்லுவதற்கு அவருடைய சங்கோச சுபாவம் இடம் கொடுக்கவில்லை.

அக்காலத்தில் நான் சென்னையில் உத்தியோகத்தில் இருந்தேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953-ல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. சட்டப்படி பதிவு பெற்ற வைத்தியர்களே இத்தொழிலை நடத்த வேண்டும் என்னும் ஏற்பாடு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்திருந்தது. ஆயினும் நம் மாவட்டங்களில் பயிற்சி பெற்ற பல் வைத்தியரைக் காண்பது அப்போது அரிதுதான். கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-ல் நிறுவிய கல்லூரியில் பயின்ற வயது முதிர்ந்த ஒருவர் மைலாப்பூரில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, பெரியப்பாவை வற்புறுத்தி அழைத்துவந்தேன்.

டாக்டர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் செட்டைக் கையில் வாங்கி, ஜன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை.

“ஐயா, இதை அணிந்த அன்று இது சரியாகத்தான் இருந்திருக்கும். மாறியது செட்டு அல்ல, உங்கள் தாடை. பல் எடுத்த பிறகு, அதைத் தாங்கியிருந்த எலும்புக்கு வேலை இல்லாமற் போகிறது. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை, கரைத்துவிடும். முதல் சில மாதங்களில் மிக விரைவாகவும், பிறகு மெதுவாகவும், ஆயுள் உள்ளளவும் அது கரைந்துகொண்டே போகும். உடனே பல் கட்டக்கூடாது என்பதில்லை. ஆனால் அப்படிக் கட்டினால் சில மாதங்களில் அடிப்பாகத்தை மறுபடி நிரப்பித்தான் தர வேண்டும்.”

பல்செட்டைப் பற்றி நான் அறிந்த சாரமான விஷயம் இதுதான். செருப்பு வாங்குவதுபோல் ஒரு முறை அளவெடுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம்; வாயோ உயிருள்ள இடம், நாள்தோறும் மாறுவது; அதன்மேல் உயிரற்ற ஒன்றைப் பொருத்தும்போது, அப்பொருத்தத்தை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுப்பார் இல்லாமையால்தான் எத்தனையோ முதியவர்களின் செட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன, அவர்களும் தம் வாய்க்கு இது ஒத்துவரவில்லை என்று தம்மையே நொந்துகொண்டு வாழ்கிறார்கள்.

மேற்செட்டு எவ்வித ஆணியும் கம்பியும் இன்றி அண்ணத்தில் எப்படி ஒட்டி நிற்கிறது என்று பெரியப்பா கேட்டார். டாக்டர் மேஜையிலிருந்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்; தூக்கியவுடன் பிரிந்தன. இடையில் ஒரு துளி நீரைவிட்டு மறுபடி சேர்த்து, இழுத்துப் பார்க்கச் சொன்னார். பெரியப்பாவின் விரல்களால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. செட்டுக்கும் சதைக்கும் இடையே உமிழ்நீர் மெல்லிய ஏடாகப் படர்ந்து, சுற்று விளிம்பு எங்கும் காற்றுப் புகாதபடி அடைபட்டிருக்குமானால், அந்த ஏட்டின் பற்றே செட்டைத் தாங்கிவிடும். இடைவெளி எவ்வளவு குறைவோ, பிடி அவ்வளவு பலம். மேலே அண்ணம் முழுவதும் பரந்த இடம்; கீழே நாவுக்கு வழிவிட்டு லாடத்தின் வடிவில் அமைய வேண்டியிருப்பதால் கிடைக்கும் பரப்பு ஏறக்குறையப் பாதிதான். போதாததற்கு நாவும் கன்னமும் உதடும் ஓயாமல் அதைத் தள்ளுகின்றன. ஆகவே கீழ்ச்செட்டை உமிழ்நீர் மட்டும் காப்பாற்றாது. அணிபவருடைய நாவும் கன்னத் தசைகளுமே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

இந்தத் தத்துவத்தை அறியாமல் மனிதர் பட்ட பாட்டை டாக்டர் அன்று ரசமாக எடுத்துரைத்தார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நீர்யானைத் தந்தத்தில் குடைந்து, சுருள்வில்லால் மேலும் கீழும் இணைத்த செட்டை அவர் அணிந்தார். வாயை மூடி வைத்திருப்பதற்கே அவர் தசைகள் இடைவிடாது முயல வேண்டியிருந்தது. அதே காலத்தில், அதற்கு முன்பும்கூட, ஜப்பானில் புத்த விக்கிரகங்களைச் செதுக்கிய சிற்பிகளின் மரபில் வந்தவர்கள், வழுவழுப்பான மரக்கட்டையை வாயின் அளவுக்குக் குடைந்து, மை தடவி மாட்டிப் பார்த்து, மை அழிந்து காட்டும் மேடுகளை மட்டும் செதுக்கிச் செதுக்கி, வில்லும் கம்பியும் இன்றி அண்ணத்தில் பற்றி நிற்கும் செட்டுகளைச் செய்துவந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய மரச்செட்டுகள் இன்னும் உள்ளன. தெய்வ உருவங்களின் முகத்தில் சாந்தத்தைக் கொண்டுவந்த அதே கைகள் முதியவர்களின் வாய்க்குச் சுகத்தைத் தேடித் தந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிற்பிகளிடத்தில் பக்தி உண்டாகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கெட்டிப்படுத்திய ரப்பர் வந்தது. கருஞ்சிவப்பான அச்செட்டு ஒன்று டாக்டரின் அலமாரியில் இருந்தது. 1937-ஐ ஒட்டி அக்ரிலிக் வந்தபிறகு ஈற்றின் நிறத்தையே அதற்குக் கொடுக்க முடிந்தது.

அளவெடுத்தது ஒரே அமர்வில் முடியவில்லை. முதலில் வெந்நீரில் இளக்கிய பழுப்பு நிறப் பசையை ஒரு தட்டில் இட்டு வாயில் அழுத்தி அச்செடுத்தார். அந்த அச்சில் வார்த்த உருவத்தின்மேல் பெரியப்பாவுக்கென்றே தனியாக ஒரு தட்டைச் செய்துகொண்டு, அதன் விளிம்பில் பசையை வைத்து, உதட்டைக் குவி, கன்னத்தை உறிஞ்சு, நாவை நீட்டு, எச்சிலை விழுங்கு என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். தசைகள் அசையும்போது எந்த எல்லைவரை வருகின்றனவோ அந்த எல்லையை அவையே பசையில் எழுதிவிடுகின்றன. விளிம்பு அதற்கு மேல் நீண்டால் தசை செட்டைத் தூக்கி எறியும், புண்ணும் உண்டாகும். குறைந்தால் காற்றுப் புகுந்து பிடி விட்டுப்போகும். கும்பகோணத்தில் வாயை அசையாமல் வைத்திருக்கச் சொல்லி எடுத்த அளவுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் எனக்கே விளங்கிற்று.

அடுத்து உயரம். மூக்கு நுனியில் ஒரு புள்ளியும் மோவாயில் ஒரு புள்ளியும் இட்டு, தாடை தளர்ந்து ஓய்ந்திருக்கும்போது இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, பற்கள் சேரும்போது அத்தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையுமாறு மெழுகு வரம்பை வெட்டினார். உயரம் மிகுந்தால் பேச்சில் பல்லோடு பல் மோதிச் சப்திக்கும், தசைகள் ஓய்வின்றி நோகும்; குறைந்தால் மோவாய் மூக்கை நோக்கி எழுந்து முகம் சுருங்கும், கடைவாய் ஓரங்கள் ஈரத்தில் ஊறிப் புண்ணாகும்.

மெழுகில் பற்களைப் பதித்து ஒத்திகை பார்த்த நாளைத்தான் நான் மறக்க முடியாது. முன்பற்களின் நுனி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிக்க, டாக்டர் பெரியப்பாவை வகாரமும் சகாரமும் மிகுந்த சொற்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்படி கேட்டார்.

“டாக்டர், வகாரத்தை எதற்காகக் கேட்கிறீர்கள்?” என்றார் பெரியப்பா.

“அந்த எழுத்தைச் சொல்லும்போது மேற்பல்லின் நுனி கீழுதட்டை இலேசாகத் தொட வேண்டும், ஐயா. தொடாவிட்டால் பல்லைத் தாழ்த்துவேன், அழுந்தினால் உயர்த்துவேன். இதற்கு வேறு அளவுகோல் கிடையாது.”

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாம் ஆயுள் முழுவதும் நடத்திய பிறப்பியலில் அவ்வெழுத்தைப் பற்றிய செய்தியை எடுத்துச் சொல்லி, தகர நகரங்களுக்கு மேற்பல்லின் அடியையும், ழகாரத்துக்கு நாநுனி அண்ணத்தை வருடுவதையும் ஆசிரியர் எவ்வளவு நுட்பமாகக் கண்டு வகுத்திருக்கிறார் என்பதை, மெழுகுப் பற்களோடேயே, மூச்சு விடாமல் விளக்கலானார். டாக்டர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காகிதத்தில் அவ்வெழுத்துக்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, வகாரத்துக்காக முன்வரிசையை இம்மியளவு தாழ்த்தினார். தகரம் தடித்து ஒலித்ததால் மேற்பற்களைச் சிறிது முன்னே நகர்த்தினார். ழகாரம் குழறியது அண்ணத்தில் தகடு கனத்திருப்பதால் என்று கண்டு, அவ்விடத்து மெழுகைச் சுரண்டி மெல்லியதாக்கினார். மாலை விளக்கேற்றும்வரை இவ்வேலை நடந்தது. பழந்தமிழ் இலக்கணமும் இருபதாம் நூற்றாண்டின் வைத்தியமும் ஒருவர் வாயில் சந்தித்து ஒன்றையொன்று மெய்ப்பித்ததை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

செட்டு வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வாய்க்குள் வந்த அந்நியப் பொருளை உணவென்று எண்ணி உமிழ்நீர் பெருகும். வாய் நிறைந்தாற்போலவும் குமட்டுவதுபோலவும் இருக்கும். இவை சில நாட்களில் அடங்கிவிடும். பெரியப்பா தினமும் காலையில் ஒரு மணி நேரம் உரத்து வாசித்தார். உணவைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு பக்கமும் சமமாக வைத்து மென்று பழகினார்; ஒரு பக்கமாகவே மென்றால் மறுபக்கம் எழும்பிவிடும், முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்புறம் பிடிவிடும். எத்தனை நேர்த்தியாகச் செய்த செட்டாயினும், சொந்தப் பல்லின் கடிவலிமையில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் அதற்கு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டவருக்கு ஏமாற்றம் இல்லை. அவர் சீடையையும் கரும்பையும் மனப்பூர்வமாகத் துறந்தார்.

இரண்டாம் வாரத்தில் கீழே இடப்பக்கத்து ஈற்றில் ஒரு புண் தோன்றியது. ஊர் நண்பர் ஒருவர், பேனாக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டிவிட்டால் சரியாகும் என்று யோசனை சொன்னார். பெரியம்மா அதைக் காதில் வாங்கியதும் வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவித்தாள். புண் இருக்கிறதே என்று செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வராமல், வைத்தியரிடம் வரும் நாளன்று சில மணி நேரமாவது அதை அணிந்திருந்து வர வேண்டும். அப்போதுதான் அழுந்தும் இடம் சிவந்து தெரியும். டாக்டர் அந்தச் சிவப்பின்மேல் பென்சிலால் குறியிட்டுச் செட்டை மாட்டி எடுத்தார். குறி செட்டின் உட்புறத்தில் பதிந்திருந்தது. அந்த ஒரு புள்ளியை மட்டும் தேய்த்தார். பேனாக்கத்தி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை.

சுத்தம் செய்வதில் பெரியப்பா தம் பழைய பழக்கத்தை விட வேண்டியிருந்தது. உமிக்கரியும் பற்பொடியும் கூடாது. அக்ரிலிக் பல்லின் எனாமலைவிட மிக மிருதுவானதாகையால், கரகரப்பான பொடி அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், அக்கீறல்களில் அழுக்கும் கிருமியும் குடியேறும். மிருதுவான பிரஷும் சாதாரண சோப்பும் போதும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் நீரை நிரப்பி வைத்துக்கொண்டு அதன்மேல் பிடித்துத்தான் கழுவ வேண்டும். கை நழுவினால் நீரில் விழும், தரையில் விழாது. கொதிநீர் பட்டால் செட்டு நெளிந்துவிடும். ஒரு முறை நெளிந்ததை மறுபடி நிமிர்த்த இயலாது. வெற்றிலைச் சுண்ணாம்பு போன்ற கெட்டிப் படலம் படிந்தால், நீர் கலந்த வினிகரில் இரவு ஊறவைத்துக் காலையில் பிரஷால் தேய்த்தால் இளகும். செட்டைப் போலவே ஈற்றையும் நாவையும் அண்ணத்தையும் துணியாலோ மெல்லிய பிரஷாலோ தேய்த்துவிட வேண்டும்.

இவையெல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு கடைப்பிடித்தவர், இரவில் செட்டைக் கழற்ற மட்டும் மறுத்தார். காரணத்தை எவரிடமும் சொல்லவில்லை. பல்லற்ற தம் முகத்தை மனைவியும் காணலாகாது என்ற கூச்சம் அது என்பதை, பெரியம்மா நெடுநாள் கழித்துக் கண்கலங்க என்னிடம் சொன்னாள். சில மாதங்களில் அண்ணம் முழுவதும், செட்டு மூடியிருந்த பரப்பின் அளவுக்குக் கோடு போட்டாற்போல், செக்கச் சிவந்துவிட்டது. இரவு பகலாக மூடிக் கிடக்கும் ஈரமான சதையில் காளான் வகைக் கிருமி பெருகுவதால் வருவது அது. “பகலெல்லாம் உழைக்கும் சதைக்கு இரவில் ஓய்வு கொடுக்க வேண்டாமா, ஐயா?” என்று டாக்டர் கேட்டபோது பெரியப்பா பதில் சொல்லவில்லை. அன்றிரவு பெரியம்மா தானே ஒரு பீங்கான் கிண்ணத்தில் நீர் கொண்டுவந்து அவர் அருகில் வைத்து, “எனக்கும் இரண்டு பல் போய்விட்டதே, பார்த்தீர்களா?” என்று சிரித்துக் காட்டினாள். அதன்பின் அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. செட்டை உலரவிட்டால் வடிவம் மாறும் என்பதால் நீரில் இட்டே வைப்பார்.

திண்ணைப் பாடம் மறுபடியும் தொடங்கிற்று. சில ஆண்டுகள் கழித்துக் கீழ்ச்செட்டு மீண்டும் தளர்ந்தபோது, இம்முறை அவரே பஞ்சைத் தேடாமல் ரயில் டிக்கெட்டைத் தேடினார். பற்களை மாற்றாமல் உட்புறத்தை மட்டும் புதிதாக நிரப்பி வாய்க்குப் பொருத்திக் கொடுத்தார் டாக்டர். பிற்காலத்தில், 1972-ல் ஆன்ட்யே டால்கிரென் என்பவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், 25 ஆண்டுகள் வரை செட்டு அணிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்கிறது என்று நிறுவியிருப்பதை அறிந்தபோது, பெரியப்பாவின் கீழ்ச்செட்டு ஏன் அத்தனை முறை சென்னைக்குப் பிரயாணம் செய்தது என்பது எனக்கு விளங்கிற்று.

இப்போது நானும் செட்டு அணிகிறேன். கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகுகள் இரண்டைப் பதித்து, செட்டை அவற்றில் மாட்டிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. இயலுமானவர்கள் அதைச் செய்துகொள்வது உத்தமம் என்பதே என் அபிப்பிராயம். ஒட்டும் பொடிகளும் பசைகளும் கடைகளில் கிடைக்கின்றன. நல்ல செட்டுக்குக் கொஞ்சம் துணை செய்வதற்கு அவை உதவலாம், ஆனால் நாளுக்கு நாள் அளவு கூடிக்கொண்டே போனால் அது செட்டு தளர்ந்துவிட்டதன் அறிகுறி. பசையை அதிகமாக்கி அதை மறைப்பவர் அடியில் உள்ள எலும்பைத்தான் இழக்கிறார். தெருவில் என் வயதினர் எவரேனும் செட்டைப் பெட்டியில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டால், நான் கூச்சப்படாமல் சென்று, அதை எடுத்துக்கொண்டு ஒரு முறை வைத்தியரிடம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை நானும் போகிறேன். சென்ற மாதம் போனபோது, வலப்பக்கத்து விளிம்பைச் சிறிது தேய்த்துவிட்டு, அடுத்த ஆண்டு உட்புறத்தை நிரப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.